சாரல்தான்

மேலகரத்தில் மாமனார் வீட்டு வாசலில் வந்து நின்றான் மந்திரமூர்த்தி. உடம்பு வந்து சேர்ந்துவிட்டது. வாயைத்தான் காணோம்.

உள்ளே அவன் பெண்டாட்டி உலகம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்தவள். "வாயத் தெறந்து ஒரு வார்த்தை மன்னிப்பு கேக்கட்டும், வருதேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். கேட்காவிட்டால் வரமாட்டாள். சொன்னால் சொன்னதுதான், அவள் அப்படி.

தப்பு அவன் மேல்தான். குற்றாலத்து அருவிக்கரையில் வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற தொழில். அங்கே அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்ததை, படிக்கத் தெரியாமலே அவன் என்னமோ அளந்துவிட, சோறு கொண்டுவந்த உலகம்மாள் சிரித்துக்கொண்டே திருத்தினாள். "எட்டாங்கிளாஸ் படிச்ச திமிரு" என்று நாலு பேர் முன்னால் கத்திவிட்டான்.

'மன்னிச்சுக்கோ' என்ற சொல் அவன் வம்சத்தில் ஆண்பிள்ளை எவன் வாயிலும் வந்ததில்லை. அதுவும் பெண்டாட்டியிடமா?

ஆனால் சீசனுக்கு வரும் பட்டணத்து ஆட்களிடம் ஒரு வார்த்தை இருந்தது. அருவியில் ஒருத்தர் காலை ஒருத்தர் மிதித்துவிடுவார். நம்மாட்கள் என்றால் பாட்டன் பூட்டன் வரைக்கும் இழுத்து நாறடித்துவிடுவார்கள். அவர்களோ "சாரி" என்பார்கள். மிதிபட்டவரும் தலையை ஆட்டிவிட்டுக் குளிக்கப் போய்விடுவார். அடேயப்பா, என்ன வார்த்தை!

வழி நெடுக அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தான். இப்போது கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்.

"சாரி."

உலகம்மாள் முறத்தை வைத்துவிட்டு வெளியே வந்தாள். வானத்தைப் பார்த்தாள்.

"ஆமா, சாரல்தான். நனையாதீங்க, உள்ள வாங்க."

போச்சு! எட்டாங்கிளாஸ் படித்தவளுக்கே புரியவில்லை. இன்னொரு தடவை சொல்ல அவனுக்குத் தெம்பில்லை. கொடுத்த கருப்பட்டிக் காப்பியைத் தலை நிமிராமல் குடித்தான். வந்த வழியே தனியாகத் திரும்ப வேண்டியதுதான் என்று எழுந்தான்.

பார்த்தால், அவள் துணிமூட்டையோடு நிற்கிறாள்.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கேட்காமலே வருகிறாளே, மகராசி! இவளையா அப்படிப் பேசினோம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஒரே குடையில் நடந்தார்கள். குற்றாலத்துக்குப் பாதை திரும்புகிற இடத்தில், அவள் அவன் காலை நறுக்கென்று ஒரு மிதி மிதித்தாள்.

"சாரி" என்றாள். பட்டணத்துக்காரி தோற்றாள், அத்தனை சுத்தம்.

மந்திரமூர்த்தி அப்படியே நின்றுவிட்டான்.

"நடங்க, சாரல் வலுக்குது. மிச்சத்த வீட்டுல போயி தமிழ்ல சொல்லுங்க."

வீடு போய்ச் சேருகிற வரைக்கும் அவனுக்குப் பொறுக்கவில்லை. குடைக்குள்ளேயே சொல்லிவிட்டான்.