விசாரணைக்கு ஒத்திகை

எண்பத்திரண்டாம் வருடமா, எண்பத்து மூன்றா என்று இப்போது எனக்கு உறுதியில்லை. மட்டாஞ்சேரிப் பள்ளியில் தமிழ் வகுப்பை மூடப்போவதாகச் சொன்னார்கள். திருநெல்வேலியிலிருந்து மலையாள நாட்டுக்குப் பிழைக்க வந்து அரிசிக் கிடங்கில் மூட்டை சுமந்த நாங்கள் மனுக் கொடுத்தோம். சிறுபான்மை மொழிக்காரர்களின் உரிமையைக் கவனிக்கும் ஆணையத்திலிருந்து ஓர் அதிகாரி விசாரிக்க வருவதாகப் பதில் வந்தது.

எங்கள் மேஸ்திரி இசக்கிமுத்து எல்லோரையும் கூட்டினார்.

"டெல்லியிலேருந்து பெரிய ஆபீசர் வாறாரு. தமிழ்ல பேசினா எந்த ஆபீஸ்லயும் நம்மள மதிக்க மாட்டான். எல்லாரும் மலையாளத்துலயே சொல்லுங்க."

"எனக்கு நாக்கு புரளாதே அண்ணாச்சி" என்றாள் பேச்சி. அவள் மகள் அந்த வருடம்தான் அந்த வகுப்பில் சேர்ந்திருந்தாள்.

"மீன்காரிகிட்ட சண்டை போடும்போது மட்டும் நல்லாப் புரளுது."

ஒரு வாரம் ஒத்திகை பார்த்தோம்.

அதிகாரி வந்தார். கேள்விகளை எல்லாம் அவருடன் வந்த மலையாளி குமாஸ்தாதான் கேட்டார். அதிகாரி வாய் திறக்காமல் எழுதிக்கொண்டிருந்தார்.

"ஞங்ஙளுடெ குட்டிகள்க்குத் தமிழ் வேணம், சாரே" என்றாள் பேச்சி, ஒரு பிசிறும் இல்லாமல். எனக்கே பெருமையாக இருந்தது.

அதிகாரி பேனாவை மூடினார்.

"நானும் திருநெல்வேலிக்காரன்தாம்மா. ஒருத்தராவது தமிழ்ல பேசுவியன்னு காலையிலேருந்து பாத்துக்கிட்டு இருந்தேன். இவ்வளவு நல்லா மலையாளம் பேசுற வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு வேணும்னு நான் எப்படி எழுத?"



வகுப்பை மூடினார்கள். இசக்கிமுத்து பள்ளுருத்தியில் இறந்துபோனார். அதிகாரிக்குப் பதவி உயர்வு கிடைத்ததாகக் கேள்வி. பேச்சியின் மகளைப் பாளையங்கோட்டையில் கட்டிக்கொடுத்தார்கள். அங்கே பஸ் போர்டில் என்ன ஊர் எழுதியிருக்கிறது என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுத்தான் அவள் ஏறுகிறாள்.