அப்பா ஓட்டிய வண்டி

மனிதகுலம் இதுவரை கண்டுபிடித்தவற்றில் பொய் புழங்காத ஒரே இடம் ஏல மைதானம்தான். அங்கே பணம் மட்டும் பேசும். கண்ணீர் வாய் திறக்காது.

இதை நான் அக்கா வீட்டுக்காரருக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம் விளக்கினேன். அத்தான் அந்த ஒரு மணி நேரமும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அவர் கவலை அவருக்கு. திங்கட்கிழமையிலிருந்து ரொட்டிக் கம்பெனிக்குச் சரக்கு ஓட்டும் வேலை. சொந்த வேன் இருந்தால்தான். இல்லையென்றால் அடுத்த ஆள் தயாராக நிற்கிறான். எட்டு மாதமாக வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு வந்த ஒரே வேலை.

அரசு அலுவலகங்கள் கழித்துக்கட்டிய வண்டிகள் வெயிலில் நின்றன. கண்ணாடியில் சாக்பீஸில் எண். எங்கள் கைக்கு எட்டுகிற வேன்கள் மூன்றே மூன்று.

முதல் வேனுக்குக் கேட்க ஆரம்பித்ததும் ஒரு காக்கிச் சட்டைக்காரர் முன்னால் வந்தார். "பதினோரு வருஷம் நான் ஓட்டின வண்டிங்க."

அவ்வளவுதான். தூக்கிய கைகள் எல்லாம் இறங்கிவிட்டன. ஓட்டியவர் கேட்டால் மற்றவர்கள் மேலே கேட்பதில்லையாம். அங்கே அதுதான் வழக்கமாம்.

"இது ஏலமா அத்தான், பிரிவு உபசார விழாவா? ஒரு மாலை வாங்கிட்டு வந்திருக்கலாம்."

"வாயை மூடு மச்சான். அவங்க காதுல விழப்போவுது."

இரண்டாவது வேன் பழைய இரும்பு வியாபாரிக்குப் போனது. கொட்டாவி விட்டபடியே விலையை ஏற்றினார்.

மூன்றாவதற்கும் அவரே வந்தார். கூடவே பின்வரிசையில் ஓர் ஒல்லியான பெரியவர். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. முறை வரும்போதெல்லாம் கையை மட்டும் தோள் உயரத்துக்குத் தூக்கினார்.

விலை ஏறியது. அத்தானும் விடாமல் ஏறினார். அக்காவிடமிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை.

"இன்னும் ஒரு தடவைதான் மச்சான். அதுக்கு மேல இல்ல."

அந்த ஒரு தடவையும் கேட்டாயிற்று.

"ஒரு தரம்" என்றார் ஏலக்காரர். வியாபாரி சோம்பல் முறித்துக்கொண்டு நிமிர்ந்தார். பெரியவரின் கை பாதி உயரத்துக்கு வந்துவிட்டது.

நான் போய் வேனின் கதவில் கை வைத்தேன்.

"எங்கப்பா ஓட்டின வண்டிங்க. பதினாலு வருஷம்."

குரல் சரியான இடத்தில் உடைந்தது. பதினாலு கொஞ்சம் அதிகமோ என்று மட்டும் தோன்றியது. என் அப்பா தையல்காரர். சைக்கிளிலேயே பின்னால்தான் உட்காருவார்.

வியாபாரி தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டார். பெரியவரின் கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். மறுபடியும் என்னை. பிறகு கையை இறக்கிக்கொண்டார்.

மூன்று தரமும் முடிந்தது.

சாவி வந்த பிறகுதான் அத்தானுக்கு மூச்சே வந்தது. ஆனால் கதவு திறக்கவில்லை. பூட்டு திறந்துகொண்டது, கதவு அசையவில்லை. மாறி மாறி இழுத்தோம்.

பெரியவர் வந்தார். கைப்பிடியைச் சற்றே மேலே தூக்கி, முழங்காலால் கதவின் அடியில் ஒரு தட்டு தட்டினார். திறந்துகொண்டது. உள்ளே கை விட்டு, வெயில் மறைக்கும் பலகைக்குப் பின்னாலிருந்து பார்க்காமலே ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ரெண்டாவது கியர் மட்டும் மெதுவா போடணும். அப்பா சொல்லியிருப்பாரே, தம்பி?"

அத்தான் தரையைப் பார்த்தார்.

"சொன்னாருங்க" என்றேன்.