ஒரு இன்ச் பள்ளம்

ஷரோனைக் காதலிப்பதாக சிவநேசன் சொன்னதும், "அந்தப் பொண்ணு நம்ம வீட்டுல எப்படிப்பா இருக்க முடியும்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள் அம்மா லோகேஸ்வரி. இரண்டு வாரமாக அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

இன்று கோலா கெத்தில் நகரத்திலிருந்த ஹார்ட்வேர் கடைக்கு அவனையும் கூட்டி வந்திருந்தாள். அவனுடைய அறைத் தரைக்கு லேமினேட் போடப் போகிறாளாம்.

"அண்ணே, ரூம் தரை ஹாலைவிட ஒரு இன்ச் பள்ளம். சமமா வரணும். விலை கம்மியா என்ன பலகை இருக்கு?" என்று கடைக்காரரிடம் கேட்டாள்.

"சிப்போர்டுதான் மலிவுலா அக்கா. ஆனா தண்ணி பட்டா ஊதிடும். பதினெட்டு மில்லி பிளைவுட் போடுங்க. மேல லேமினேட் வந்தா சரியா இருக்கும்."

"ரூமை வாடகைக்கு விடப் போறீங்களாம்மா? அப்ப நான் எங்க போறது?" என்றான் சிவநேசன் கசப்போடு.

அவள் பலகையை அழுத்திப் பார்த்தாள்.

"தினமும் சக்கரம் ஓடினா தாங்குமா அண்ணே?"

"என்ன சக்கரம் அக்கா?"

"வீல்சேர். என் மருமகளால நடக்க முடியாது. யாரையும் கூப்பிடாம அவளே உள்ள போய் வரணும்லா."

சிவநேசன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கடையில அழுவாதடா. ஷரோனுக்குப் போன் போட்டு வீல்சேர் அகலத்தைக் கேளு. கதவையும் மாத்தணுமோ என்னமோ."