வண்டி நுழையாத வீதி

ஓசூர் கடைவீதிக்குள் இனி வண்டிகள் வரக் கூடாது, ஜனங்கள் நடந்துதான் வர வேண்டும் என்று அறிவிப்பு வந்ததும் முதலில் கொதித்தவன் நான்தான். வியாபாரிகள் சங்கச் செயலாளர் ஆயிற்றே!

"ஏற்கெனவே என் பாத்திரக்கடையில ஈ ஓட்டிக்கிட்டு இருக்கறேன். சூளகிரியில இருந்து வர்றவன் குக்கரைத் தூக்கிக்கிட்டு நடப்பானா?" என்று உண்ணாவிரதப் பந்தலில் மைக்கைப் பிடித்து முழங்கினேன்.

"பத்து வருசமா வண்டி வந்துக்கிட்டுதான இருக்குது? அப்புறம் ஏன் ஈ ஓட்டறீங்க?" என்றாள் என் மனைவி கிருபாராணி. ஆன்லைன் என்றேன். பெங்களூரு மால் என்றேன். கடைசியில் அவள் முகராசி என்றேன். அன்று இரவு எனக்குச் சோறு கிடைக்கவில்லை.

தடை வந்தேவிட்டது. முதல் நாள் காலையிலேயே கடை நிறையக் கூட்டம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

குக்கர் வாங்கிய அம்மா கேட்டார்: "புதுக் கடைங்களா? எப்பத் தொறந்தீங்க?"

"பத்து வருசமாச்சும்மா! இந்தப் பக்கம் வந்ததே இல்லீங்களா?"

"தெனமும் இதே வழியாத்தான் கம்பெனி பஸ்ஸுக்குப் போறேன். இங்க கடை இருக்கறதே தெரியாது. எப்பவும் ஒரு வெள்ளை வேன் வாசலை அடைச்சுக்கிட்டு நிக்கும். எந்தப் புத்தி கெட்டவனோ!"

கல்லாவில் இருந்த கிருபாராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வேறு எவனும் வண்டியை நிறுத்திக் கடையை மறைத்துவிடக் கூடாதே என்றுதான், தினமும் முதல் ஆளாக வந்து என் வேனை அங்கே நிறுத்தினேன்.