சிவப்பு ஏறாத குரல்வளை

“இன்னாம்மா இது, சிவப்பு இவ குரவளை மேல ஏறிகினு கீது?”

கம்ப்யூட்டர் திரையில் தெரிந்த மனைவியின் உருவத்தில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து கேட்டார் எல்லப்பன். ஜிஎஸ்டி சாலை ஓரத்து மருத்துவமனை அது. கதிர்ச் சிகிச்சைக்குத் திட்டம் போடும் ஜெஸ்ஸி பொறுமையாக விளக்கினாள்.

“ஐயா, இது நிஜ அம்மா இல்ல. ஸ்கேனை வச்சு கம்ப்யூட்டர்ல செஞ்ச அம்மா. கழுத்துக் கட்டிக்குக் கதிர் விட்டா, பக்கத்துல நல்லா இருக்கிற உறுப்புக்கு என்ன ஆகும்னு முதல்ல இவங்க மேல விட்டுப் பாக்கிறோம். சிவப்புன்னா அடி ஜாஸ்தி. நீலம்னா தப்பிச்சுது.”

“அப்ப இப்பிடி வுட்டா?”

“கட்டி கரைஞ்சிரும். ஆனா குரல் போயிடலாம்.”

“வேணாம். வேற போடு.”

நாற்காலியில் காலாட்டிக்கொண்டிருந்த வேண்டா, புருஷன் பக்கம் திரும்பாமலே ஜெஸ்ஸியிடம் சொன்னாள்: “அந்தாள வாய மூடச் சொல்லும்மா, ஈ பூந்துடப் போவுது. அது சரி, கம்ப்யூட்டர்ல செய்யறதுதான் செய்யற, என்னைக் கொஞ்சம் எளைப்பா செஞ்சிருக்கக் கூடாதா?”

வேண்டாவின் குரல் அவர்கள் ஊரான படாளத்தில் பிரசித்தம். கொல்லையில் கோழியை விரட்டினால் ஏரிக்கரையில் மேயும் மாடு நிமிர்ந்து பார்க்கும். அவளுக்குக் கழுத்தில் கட்டி என்றதும் தெருவே கண்கலங்கியது உண்மைதான். குரலும் போகலாம் என்று டாக்டர் முதலிலேயே சொன்னது பரவியதும் எதிர்வீட்டு சின்னையன் மட்டும், “அண்ணாத்த காதுக்கு இனிமேவாவது லீவு” என்று சிரித்து வைத்தான். அதற்காக எல்லப்பன் அவனோடு ஒரு வாரம் பேசவில்லை.

எல்லப்பனுக்குத் தெருவில் ‘பொண்டாட்டி பைத்தியம்’ என்றே பட்டப்பெயர். வேண்டா அவருடைய ஸ்கூட்டர் வண்டியில் ஏறினால், நாலு தடவையாவது திரும்பிப் பார்ப்பார். அவள் பின்சீட்டுக் கம்பியை ‘டங் டங்’ என்று தட்டிய பிறகுதான் வண்டி நகரும். அத்தனை உருகல்!

ஜெஸ்ஸி கதிர் வரும் கோணத்தை மாற்றி ஓட்டிப் பார்த்தாள்.

“குரலுக்கு நீலம் வந்துருச்சு. ஆனா எச்சில் சுரப்பி சிவப்பு. வாய் வறண்டுரும். நாலு வார்த்தைக்கு ஒரு தடவை தண்ணி குடிக்கணும்.”

“குடம் குடமா நான் தூக்கினு வரேன்!” என்றார் எல்லப்பன்.

“அந்தாளு தூக்கினு வரதுக்குள்ள எனக்குத் தாகமே அடங்கிப் பூடும்னு சொல்லும்மா.”

ஜெஸ்ஸிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்த ஜோடிக்காகவே சாப்பாட்டு நேரத்திலும் உட்கார்ந்து, கோணத்தை இழுத்தாள், தள்ளினாள். இரண்டரை மணிக்குத் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

“கட்டி மேல மட்டும் சிவப்பு. குரலும் நீலம், சுரப்பியும் நீலம்! கொஞ்ச நாள் தொண்டை கரகரக்கும். அப்புறம் பழைய குரல் வந்துரும்னு நம்பலாம். டாக்டரும் பாத்து சரின்னுட்டார்.”

அவ்வளவுதான். எல்லப்பன் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றினார். வாட்ச்மேனைக் கட்டிப் பிடித்தார். கேன்டீனில் முன்பின் தெரியாத ஏழு பேருக்கு டீ சொன்னார்.

எல்லப்பன் மறந்துவிட்டுப் போன மருந்துச் சீட்டைக் கொடுக்க, வண்டி நிறுத்துமிடத்துக்கே ஓடி வந்தாள் ஜெஸ்ஸி. வேண்டா வாசலில் வாட்ச்மேனிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாள்.

“பொண்டாட்டி சத்தம் போட்டா தெறிச்சு ஓடறவங்கதான் ஜாஸ்தி. நீங்க அந்தக் குரலுக்கா இந்தப் பாடு படறீங்க ஐயா?”

எல்லப்பன் குரலைத் தாழ்த்தினார்.

“உன்னாண்ட பேசறா, வாட்ச்மேனாண்ட பேசறா, கோழியாண்ட பேசறா. என்னாண்ட பேசி பதினோரு வருசம் ஆவுதும்மா.”

“ஐயோ! ஏன்?”

“மாமல்லபுரம் போயிட்டு வரசொல்ல, திருக்கழுக்குன்றத்துல பூ வாங்க எறங்கினா. ஏறிட்டான்னு நெனச்சு வண்டிய எடுத்துட்டேன். படாளம் வரிக்கும் பேசிகினே வேற வந்தேன். வூட்டாண்ட திரும்பிப் பாத்தா சீட்டு காலி! அன்னிக்கு வாய மூடினவதான். குரல் இருந்தாத்தானே என்னிக்காவது மனசு எறங்கி, ஒரு வார்த்த திட்டுவா?”

வேண்டா வந்து வண்டியில் ஏறினாள். எல்லப்பன் வழக்கம்போல் நாலு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, ‘டங் டங்’குக்காகக் காத்திருந்தார்.

கம்பி தட்டப்படவே இல்லை; வாசலில் வாட்ச்மேன் தூக்கிவாரிப் போட்டு எழுந்து நிற்கும்படி, எல்லப்பன் காதுக்குப் பின்னால் ஒரு குரல்தான் வெடித்தது.

“ஏறிட்டேன்யா! இப்ப எடு வண்டிய!”