பரணில் கிடந்த சிவப்பு அட்டை

அக்காவின் கல்யாணம் நின்றுபோய் எட்டு மாதமாகிறது. பத்திரிகைக் கட்டு பரணில் சும்மாதானே கிடக்கிறது என்று எடுத்துவிட்டான் பொன்னுராஜ். வழவழப்பான சிவப்பு அட்டை, தங்க எழுத்து. காதலர் தினத்துக்கென்றே அடித்ததுபோல இருக்கிறது. ஜன்னல் வெயிலில் உட்கார்ந்து, கோணல்மாணலாக ஓர் இதயம் வெட்டி, சோற்றுப் பருக்கையைத் தேய்த்து ஒட்டிக்கொண்டிருக்கிறான். மில் சங்கு ஊதுகிறது. நிமிர்ந்தால், எதிரே அக்கா பரிபூரணம். சட்டென்று கையால் மூடுகிறான். விரலிடுக்கில் அவள் பெயர்தான் மின்னுகிறது. "யாருக்குல இது?" "கூடப் படிக்கிற பிள்ளைக்குக்கா..." "இம்புட்டுக் கோணலா வெட்டுனா அது வாங்குமா? கத்திரியக் குடு." பக்கத்தில் உட்கார்ந்து புதுப் பத்திரிகை ஒன்றை எடுக்கிறாள். மாப்பிள்ளை பெயர் இருக்கும் துண்டை முதலில் நேராகக் கத்தரித்துத் தன் மடியில் வைத்துக்கொள்கிறாள். மிச்சத்தில்தான் இதயம் வெட்டுகிறாள். பொன்னுராஜின் விரலில் சோறு காய்கிறது.