சத்தம் அடங்கிய அரை மணி

தோள்பட்டை இற்றுப்போகிறாற்போல் வலித்தது. காலையிலிருந்து இரும்புக் குழாய்களைத் தூக்கி மாட்டிய வலி.

இடது காது போய் நான்கு வருடம் ஆகிறது. கல்லூரியின் பம்ப் கூடத்தில் பதினெட்டு வருடம் நின்றதற்குக் கிடைத்தது. குழாய் குறுகும் இடத்தில் தண்ணீர் குமிழ் கட்டி உடையும். ஜல்லியை அரைப்பதுபோல் சத்தம்.

காது போனதை யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தால் வேலைக்கு ஆகாதென்று அனுப்பிவிடுவார்கள். வீட்டிலும் சொல்லவில்லை.

ஆராய்ச்சி செய்கிற பெண் பக்கெட்டைத் தொட்டியில் கவிழ்த்தாள். ராத்திரியெல்லாம் ஊறிய ஒரு பிடி ரசாயன மாவு. கஞ்சிபோல் நூல்விட்டு இறங்கியது.

கொஞ்சம் கொஞ்சமாக ஜல்லிச் சத்தம் கரைந்தது.

அவன் குழாயில் உள்ளங்கையை வைத்தான். தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கேஜ் முள்ளும் இறங்கவில்லை.

வலது காதும் போச்சு.



“என்னண்ணே, மூஞ்சி வெளுத்துப்போச்சு? சத்தத்த மாவு அமுக்கிருச்சு. அரை மணி நேரந்தான். பம்ப்ல அடிபட்டு அதோட நூல் அறுந்துட்டா பழையபடி கத்தும்.”

ஒவ்வொரு சொல்லும் கேட்டது. கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்தான்.

அரை மணி நேரம்.

வீட்டுக்குப் போன் போட்டான்.

காலையில் பஸ் ஸ்டாப்பில் மனைவி செண்பகம் அவனுக்கு இடது பக்கம் நின்று ஏதோ சொன்னாள். கேட்டதுபோல் சிரித்துவைத்தான். எல்லோரிடமும் அப்படித்தான். பஸ் நகர்ந்த பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தான்.

“காலைல என்ன சொன்ன? எனக்கு இடது காது கேக்காது, செண்பகம். ரொம்ப நாளா.”



“நாளைக்குக் கட்டியில ஊசி குத்திப் பாக்குறாங்க. பயமா இருக்கு, கூட வாங்கன்னேன். நீங்க சிரிச்சீங்க.”

குழாய்க்குள் மறுபடியும் ஒரு கல் உருண்டது. பிறகு ஒரு கூடைக் கல்.

“வர்றேன்.”

“என்னது? கேக்கலங்க.”

ரீடிங் எடுக்கும்போது அவன் ஒருநாளும் பம்பை நிறுத்தியதில்லை.

சுவிட்சைத் தட்டினான். அந்தப் பெண் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“வர்றேன்டி. காலைலயே கெளம்பிரலாம்.”

மூக்கை உறிஞ்சும் சத்தம்.

“இப்பக் கேக்குது, செவிட்டு மாமா.”

அந்தப் பெண்ணுக்கு ஒரு ரீடிங் பாக்கி.

செண்பகத்துக்கு, காலையில் சிரித்ததற்கு ஒரு மன்னிப்பு பாக்கி.